பயந்தவர்களுக்கான புரட்சி

உலகத்தில் இதுவரை நடந்த புரட்சிகள் எல்லாமே தைரியசாலிகளுக்காக நடந்தவை என்பது அன்புமொழியின் நெடுநாள் புகார். மறியலோ ஊர்வலமோ உண்ணாவிரதமோ, எதுவாக இருந்தாலும் முன்னால் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அவன் அடி வாங்க வேண்டும், பிறகு அவன் பெயரில் ஒரு கொடிக்கம்பம் நட வேண்டும். மற்றவர்கள் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருச்சியில் சாஃப்ட்வேர் ஆபீசுக்குப் போகும் காலை பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, அவள் வருஷக்கணக்காக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

யோசித்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தாள். பயந்தவன் பயந்தபடியே இருக்கட்டும், ஆனால் அவன் நினைப்பதும் நடக்க வேண்டும். யாரையும் எதிர்த்து நிற்க வேண்டாம், யார் சட்டையையும் பிடிக்க வேண்டாம். சரியான ஒரு கருவியைச் செய்து ஊர் நடுவில் வைத்துவிட்டால் போதும். அதைச் செய்தவளே நினைத்தாலும் திறந்து பார்க்க முடியாதபடி அது இருக்க வேண்டும். நல்ல மனிதர்களை நம்பிச் செய்கிற ஏற்பாடு எதுவும் என்றாவது ஒருநாள் கவிழ்ந்துவிடும் என்பாள். ஒருமுறை சாப்பிடும்போது புருஷன் பிராங்க்ளினிடம் இதையெல்லாம் சொன்னாள். அவன் குழம்பில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டே, "அப்ப மனுசங்க என்னத்துக்கு?" என்று கேட்டான். அதை அவள் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பிராங்க்ளின் எதிலும் தலையிடாத ஆள். பஸ்ஸில் மீதிச் சில்லறை வராவிட்டால்கூடக் கேட்க மாட்டான். ஊருக்குக் கிழக்கே இருக்கும் கல் கிரஷரில், வாசல் ஜன்னலில் அவனுக்கு வேலை. லாரிக்கு எடைச்சீட்டுக் கொடுப்பதும், வேலைக்கு வருகிறவர்களின் செல்போன்களை வாங்கி வைப்பதும்தான் அந்த வேலை. குழியில் வெடி வைப்பதால் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. காலையில் எல்லோரும் வரிசையில் வந்து ஜன்னலில் போனைக் கொடுத்து, எண் போட்ட அடையாள வில்லை வாங்கிக்கொண்டு போவார்கள். பகலில் எந்த போன் அடித்தாலும் பிராங்க்ளின்தான் எடுப்பான். "வெடி நேரம்மா, வெளிய வந்ததும் பேசச் சொல்றேன்" என்பான். பிரசவச் செய்தியும் சாவுச் செய்தியும் முதலில் அவன் காதில்தான் விழும். அதற்காகவே பாதிப் பேர் தங்கள் போனின் பூட்டை எப்படித் திறப்பது என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த கிரஷர் இப்போது இன்னொரு குழி கேட்டது. ஊருணிக்குப் பக்கத்திலேயே, ஊர்ப் பொது நிலத்தில். அதற்கு ஊர் சம்மதம் வேண்டும். கிராம சபையை இரண்டு தடவை கூட்டியாகிவிட்டது. "வேண்டாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்று பஞ்சாயத்துத் தலைவர் ஞானமணி கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. "வேணும்ங்கறவங்க" என்றபோதும் எழவில்லை. பின்னால் கிரஷர் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு ஓர் ஆளாவது அவரிடம் வேலை பார்க்கிற ஊர் அது. இரண்டு கூட்டத்திலும் டீ குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

அப்போதுதான் அன்புமொழி ஞானமணியிடம் போனாள். கை தூக்க வைப்பதால்தான் பயப்படுகிறார்கள், கையே தூக்க வேண்டாம் என்றாள். இரண்டு எண்கள். ஒன்றில் முடியும் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வேண்டும், ஏழில் முடியும் எண்ணுக்குக் கொடுத்தால் வேண்டாம். படிக்காதவர்களுக்கும் மிஸ்டு கால் தெரியும், பட்டன் போனிலும் கொடுக்கலாம், காசும் ஆகாது. ஊரார் எண்களைப் பஞ்சாயத்தில் பதிந்துகொள்வது, ஓர் எண்ணுக்கு ஓர் ஓட்டு. யார் எதற்கு அடித்தார்கள் என்பது எங்கேயும் தங்காது. ஒரு மாதம் உட்கார்ந்து அந்த புரோகிராமை அவளே எழுதினாள். தன்னாலேயே திறக்க முடியாது என்று உறுதியான பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஓட்டு சனிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிராம சபையில் ஞானமணி முடிவை வாசித்தார். வேண்டாம் என்றுதான் மிகப் பெரும்பாலோர் அடித்திருந்தார்கள். கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் முகத்தை ஒன்றுமே தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். அந்த நடிப்பு அன்புமொழிக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அத்தனை பயந்தாங்கொள்ளிகளும் சேர்ந்து ஊருணியைக் காப்பாற்றிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு என்று எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவள் கொண்டாடலாம் என்று கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். பிராங்க்ளின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான். 

"மேனேஜர் பேசுனாரு."

"என்னவாம்?"

"நாளைக்குக் காலைல போனு வாங்கி வைக்கயில, ஒவ்வொண்ணா தொறந்து பாக்கணுமாம். யாரு எந்த நம்பருக்கு அடிச்சிருக்கான்னு. ஏழுக்கு அடிச்சவன் பேரத் தனியா எழுதிக் குடுக்கச் சொல்றாரு."

அன்புமொழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். தன் பக்கத்தில் எந்தத் தடயமும் தங்காமல் ஒரு மாதம் பார்த்துப் பார்த்துத் துடைத்தவள், அடித்தவனுடைய போனில் அடித்த எண் அப்படியே நிற்கும் என்பதை யோசிக்கவே இல்லை. அதுவும் தினமும் காலையில் எல்லா போனும் ஒரே ஜன்னலில் வந்து குவிகிற ஊரில். தன் புருஷனே உட்கார்ந்திருக்கிற ஜன்னலில். ரவை கருகி நாற்றம் எடுத்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னேன். வேறென்ன சொல்றது?"

"எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

பிராங்க்ளின் நிலைப்படியைச் சுரண்டினான். "தெரியல மொழி. பக்கத்துலயே நிக்கப் போறாராம்."

 அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. இவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயந்தவனைப் பயப்படாதே என்று சொல்வது அவள் கொள்கையிலேயே கிடையாது. ஆனால் ஊர் முழுக்க இப்போது இவன் ஒருவனுடைய நல்ல மனசை நம்பி நிற்கிறது. எது நடக்கக் கூடாது என்று அவள் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாளோ அதுவே நடந்திருந்தது, அதுவும் அவள் கையாலேயே. பிராங்க்ளின் ஒன்றில் முடியும் எண்ணுக்குத்தான் அடித்திருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஓட்டு நடக்கும் என்று அறிவித்த அன்றே, "என்னைய இதுல இழுக்காத, அந்த ஜன்னல்லதான் நம்ம சோறு இருக்கு" என்று சொல்லியிருந்தான்.

அழித்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். முந்தின நாள் பேசிய எல்லா காலும் இருந்து, இது மட்டும் இல்லாவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பட்டன் போனில் பாதிப் பேருக்கு அழிக்கவும் தெரியாது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னால், கொண்டு வராதவன்தான் அடித்தவன் என்று ஆகிவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சட்டென்று வழி தெரிந்தது. ஓட்டு முடிந்துவிட்டது, இனி அடிக்கிற கால் எதுவும் கணக்கில் சேராது. எல்லோரும் இரண்டு எண்ணுக்கும் அடித்து வைத்துவிட்டால்? கூடக் குறைய, முன்னும் பின்னும், பல தடவை. பட்டன் போனில் புதுக் கால்கள் பழையதைத் தள்ளிவிடும், பெரிய போனில் தேதியோடு நிற்கிற பழையதை அழித்துவிடலாம், இரண்டு எண்ணும் இருப்பதால் அழித்தாலும் காட்டிக்கொடுக்காது. இந்தக் குப்பையில் எது உண்மையான கால் என்று மேனேஜரால் எப்படிப் பிரிக்க முடியும்?

பிராங்க்ளினிடம் வேகவேகமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"நான் வீடு வீடாப் போறேன். யாரு எதுக்கு அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல, அதனால எல்லா வீட்டுக்கும் போகணும்" என்று செருப்பை மாட்டினாள். யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாததால் எல்லோரையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப்பில் போட முடியாது, ஊர் குரூப்பில் மேனேஜரின் ஆட்களும் இருக்கிறார்கள். மைக் செட்டும் கூடாது. நடந்துதான் ஆக வேண்டும். முதல் வீட்டிலேயே முட்டியது. கிரஷரில் கல் பொறுக்கும் மூக்காயி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விளங்கச் சொல்லி முடித்ததும் மூக்காயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது அடிச்சா மொத ஓட்டு மாறிப்போயிராதா?"

"மாறாது அக்கா. ஓட்டு நேத்தோட முடிஞ்சிருச்சு."

"யாருக்கும் தெரியாதுன்னுதான ஆத்தா சொன்ன? அதை நம்பித்தான அடிச்சோம்? இப்ப எப்படித் தெரியுதுங்கற?"

"எனக்குத் தெரியாதுக்கா. ஒங்க போன்ல தெரியும். அதை நான் யோசிக்கல. என் தப்புதான்."

மூக்காயி முந்தானையில் கையைத் துடைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "படிச்ச பிள்ளைன்னு நம்புனோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்து அவளிடமே நீட்டினாள். அன்புமொழி வாங்கவில்லை. வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூக்காயி தடவித் தடவி அழுத்தினாள்.

அடுத்த வீட்டில் கதவையே திறக்கவில்லை, உள்ளே டி.வி. மட்டும் ஓடியது. ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வந்தாள். துளைபோடும் மெஷின் ஓட்டுகிற கருப்பன், "நான் எதுக்கும் அடிக்கவே இல்லயே, நான் எதுக்கு இப்ப அடிக்கணும்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அவர் உதடு நடுங்கியதைப் பார்த்தபோது எதற்கு அடித்தார் என்று தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரியே நின்றாள். இன்னாசியம்மாள் வீட்டில் போனின் ரீசார்ஜ் முடிந்திருந்தது, கால் போகவில்லை. மகன் எங்கேயோ ஓடிப்போய் ரீசார்ஜ் போட்டு வரும்வரை அன்புமொழி அங்கேயே காத்திருந்தாள். ஒரு வீட்டில் "நீயும் கிரஷர்காரன் வீட்டுக்காரிதான, அவன் அனுப்பித்தான் ஆழம் பாக்க வந்தியா" என்று கேட்டார்கள். அது சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லாமல் எண்களை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டு இறங்கினாள்.

தெருத் தெருவாக நடந்து, கால் வீங்கி, தொண்டை கட்டி அவள் வீடு திரும்பியபோது பிராங்க்ளின் சோறு வடித்து வைத்துக் காத்திருந்தான். "எல்லா வீட்டுக்கும் போயிட்டியா?" என்று கேட்டான். "ஒரு வீடு விடல" என்றாள். அவன் இன்னும் ஏதோ கேட்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. நாளைக்கு எழுதிக் கொடுப்பதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கவில்லை.

காலையில் பிராங்க்ளின் சட்டைப் பொத்தானை ஒன்று தப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள்தான் கூப்பிட்டுச் சரி செய்தாள். டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். "பாத்து நடந்துக்கங்க" என்றாள். எதைப் பார்த்து என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாள். பாத்திரத்தைத் துலக்கினாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். இந்நேரம் வரிசை நின்றிருக்கும். கதவைத் திறக்காத அந்த வீட்டுக்காரர் அடித்திருப்பாரா? கருப்பன் பயத்தில் எதற்கும் அடிக்காமலே விட்டிருந்தால்? வேலை போனால் அவர் இந்த வயசில் எங்கே போவார்? மூக்காயி மேனேஜரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிடுவாளோ? எல்லாவற்றுக்கும் மேலாக, பிராங்க்ளின் கையில் மேனேஜர் பேனாவைக் கொடுத்திருப்பார். அவன் அதை வேண்டாம் என்று சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

வெடிச்சத்தம் வழக்கமான நேரத்துக்குக் கேட்டது. தட்டுகள் லேசாக அதிர்ந்தன. அப்படியென்றால் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், வேலை நடக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிராங்க்ளின் வந்திருந்தான். டிபன் பாக்ஸ் போனபடியே கையில் இருந்தது.

அவள் வாசலுக்கு ஓடினாள். "யாரு மாட்டுனா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்தான்.

"யாரு போன்லயும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. தொறந்தா ரெண்டு நம்பரும் நிக்கிது. கருப்பண்ணன் ரெண்டுக்கும் மாத்தி மாத்தி இருவது முப்பது தடவ அடிச்சு வச்சிருக்காரு. மேனேஜர் தள்ளித் தள்ளிப் பாத்து, தலை சுத்திப்போயி, வெடி நேரம் ஆச்சுன்னு எல்லாரையும் உள்ள விட்டுட்டாரு."

அன்புமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறக்காதவர்கள், சத்தியம் பண்ணியவர்கள், ஆழம் பார்க்க வந்தியா என்று கேட்டவர்கள் எல்லோரும் அடித்திருக்கிறார்கள். அவள் கருவி தப்பாகத்தான் போயிருந்தது, ஆனால் ஊர் அதை ஒரே சாயங்காலத்தில் சரி செய்துவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டிபன் பாக்ஸ் கண்ணில் பட்டது.

"அப்ப நீங்க ஏன் வந்துட்டீங்க?"

"என்னைய வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாரு."

"ஏன்?"

"வரிசைல மொத போனே என்னோடதத்தான் கேட்டாரு. ஒன் பொண்டாட்டி பண்ணுன வேலைதானடா, மொதல்ல ஒன்னோடத எடுன்னாரு. எடுத்துக் குடுத்தேன்." அவன் சொம்பைத் தரையில் வைத்தான். "அதுல ஏழு மட்டும்தான் இருந்துச்சு."

 சொன்னது காதில் விழுந்துவிட்டது, மனசுக்குள் போகச் சற்று நேரம் ஆனது. அந்த ஜன்னலில்தான் சோறு என்றவன், சில்லறை கேட்கத் தெரியாதவன், ஓட்டு நடந்தபோதே ஊரில் யாருக்கும் தெரியாமல், வீட்டில் அவளுக்கும் தெரியாமல், அந்த எண்ணை அழுத்தியிருக்கிறான். அவள் யாருக்காக அந்தக் கருவியைச் செய்தாளோ அந்த ஆள் அவள் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறான்.

"நேத்து நான் சொல்லயில கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க? ரெண்டுக்கும் அடிச்சு வைக்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும்" என்றான் பிராங்க்ளின். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நடந்து வந்ததில் முகம் கறுத்துப் போயிருந்தது, கண்ணை அவள் பக்கம் திருப்பாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வந்து என்னையும் அடிக்கச் சொல்லுவன்னு போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எல்லா வீட்டுக்கும் போன. நம்ம வீட்டுக்கு மட்டும் நீ வரவே இல்லயே."